விகிதம் பொருந்தவில்லை என்றால்: மரபணுப் பிணைப்பைக் கணக்குப் போட்டுக் கண்டறிவது எப்படி

இரண்டு பண்புகளை வைத்துக் கலப்பு செய்தாகிவிட்டது. சந்ததியை வகை பிரித்து எண்ணியும் முடித்தாகிவிட்டது. ஆனால் பாடநூல் சொன்ன விகிதம் வரவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் ஒரே ஒரு கை வர்க்கச் சோதனை (χ², எண்ணியது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கணக்கு) போடுகிறார்கள். மதிப்பு பெரிதாக வருகிறது. "ஆகவே இரண்டு மரபணுக்களும் பிணைந்துள்ளன" என்று எழுதிவிட்டு ஆய்வேட்டை மூடிவிடுகிறார்கள். அந்த "ஆகவே" கொஞ்சம் அவசரப்பட்டது. கை வர்க்க மதிப்பு பெரிதாக இருந்தால், எண்ணிக்கை எதிர்பார்ப்போடு ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் பொருள். எந்த எதிர்பார்ப்பு உடைந்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. ஒரு பண்பைத் தாங்கிய குஞ்சுகள் பாதி வழியில் செத்திருந்தாலும் அது பெரிதாகத்தான் வரும்.

ஆகையால் சோதனையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்லப்போகிறேன். மேல்நிலை வகுப்பு மரபியலும் ஒரு கால்குலேட்டரும் போதும். எடுத்துக்காட்டுகள் எல்லாமே நூறு ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கும் முன்னும் உண்மையாக எண்ணப்பட்ட எண்கள். கற்பனை எண்களில் இந்தக் கணக்கைப் பழகுவது வீண். அவை எப்போதும் நல்ல பிள்ளைகளாக நடந்துகொள்ளும்.

எந்தக் கலப்பு என்று முதலில் தீர்மானியுங்கள்

அடிப்படையை நான்கு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். இரண்டு மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தால், இனச்செல் உருவாகும்போது அவை ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பிரிகின்றன. இதுவே சார்பின்றி ஒதுங்குதல். ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் பெரும்பாலும் சேர்ந்தே போகின்றன, இதுவே பிணைப்பு. இடையில் குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்தால் மட்டும் பிரிந்து புதுச் சேர்க்கையில் வெளிவருகின்றன. புதுச் சேர்க்கையோடு பிறப்பவற்றை மறுகூட்டிணைவு வகை என்றும், பழைய சேர்க்கையையே சுமந்து பிறப்பவற்றைப் பெற்றோர் வகை என்றும் சொல்கிறோம்.

இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலப்பினத்தைத் தன்னோடு தானே கலந்து இரண்டாம் தலைமுறையை எண்ணுவது. பிணைப்பு இல்லாவிட்டால் 9:3:3:1 வரவேண்டும். மற்றொன்று சோதனைக் கலப்பு. இதில் கலப்பினத்தை இரண்டு பண்பிலும் ஒடுங்குதன்மை கொண்ட துணையோடு கலக்கிறோம், 1:1:1:1 வரவேண்டும். முடிந்த இடத்தில் எல்லாம் சோதனைக் கலப்பையே தேர்ந்தெடுங்கள். துணை தருவது ஒடுங்கு அல்லீல்களை (அல்லீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) மட்டும் என்பதால், ஒவ்வொரு குஞ்சின் தோற்றமும் கலப்பினத்தின் இனச்செல்லில் என்ன இருந்தது என்பதை நேரடியாகக் காட்டிவிடும். இரண்டாம் தலைமுறையிலோ, பதினாறில் ஒன்பது பங்கு ஓங்குதன்மைக்குள் மறைந்துகொள்கிறது. பட்டாணி போலத் தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர்களில் மட்டும் இரண்டாம் தலைமுறை மலிவானது. அங்கே சோதனைக் கலப்பு என்றால் பூ பூவாக மகரந்தத் தாள்களை நீக்கிக் கையால் மகரந்தம் தூவ வேண்டும்.

கலப்பினம் ஆணா பெண்ணா என்பதையும் கவனிக்க வேண்டும். டிரோசோஃபிலா பழ ஈயில் ஆணிடம் குறுக்கேற்றம் நடப்பதில்லை. பட்டுப்பூச்சியில் நேர்மாறாகப் பெண்ணிடம் நடப்பதில்லை. எனவே ஈயில் கலப்பினம் பெண்ணாகவும், பட்டுப்பூச்சியில் ஆணாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஒரே குரோமோசோமில் உள்ள இரு மரபணுக்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மறுகூட்டிணைவு பூச்சியமாகவே தெரியும்.

எந்தப் பெற்றோரிடமிருந்து எந்தச் சேர்க்கை வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டு ஓங்கு அல்லீல்களும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்தனவா, ஆளுக்கொன்றாக வந்தனவா என்று தெரியாமல் பெற்றோர் வகை எது, மறுகூட்டிணைவு வகை எது என்று பிரிக்க முடியாது.

எதிர்பார்ப்பை எழுதிவிட்டு எண்ணத் தொடங்குங்கள்

எண்ணிய பிறகு விகிதத்தைத் தேடினால், ஏதாவது ஒரு விகிதம் பொருந்தத்தான் செய்யும். 9:3:3:1 இல்லாவிட்டால் 9:7, அதுவும் இல்லாவிட்டால் 12:3:1, 13:3 என்று பட்டியல் நீளம். ஆகவே "இரு மரபணுக்களும் சார்பின்றி ஒதுங்குகின்றன, விகிதம் இது" என்ற இன்மை கருதுகோளை முதலிலேயே ஏட்டில் எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, கணக்கில் போட வேண்டியது எண்ணிக்கை, சதவீதம் அல்ல. 60க்கு 40 என்பது நூறு செடிகளில் 5 சதவீத எல்லையை மெல்லத் தாண்டும் விலகல். ஆயிரம் செடிகளில் அதே 60 சதவீதம் மறுக்க முடியாத விலகல். சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிழையான கை வர்க்கக் கணக்குகளில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது.

ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

மெண்டல் 1866இல் வெளியிட்ட எண்கள் இதற்குப் பொருத்தமானவை. உருண்டை மஞ்சள் விதைப் பட்டாணியையும் சுருங்கிய பச்சை விதைப் பட்டாணியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 556 விதைகளை எண்ணினார்:

உருண்டை மஞ்சள் 315
உருண்டை பச்சை 108
சுருங்கிய மஞ்சள் 101
சுருங்கிய பச்சை 32

556ஐ 16ஆல் வகுத்தால் 34.75. அதை 9, 3, 3, 1ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 312.75, 104.25, 104.25, 34.75. பின்னம் வருகிறதே என்று முழு எண்ணாக்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு வகைக்கும், எண்ணியதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுக்க வேண்டும். முதல் வகையில் வித்தியாசம் 2.25, வர்க்கம் 5.06, 312.75ஆல் வகுத்தால் 0.016. மற்றவை முறையே 0.135, 0.101, 0.218. நான்கையும் கூட்டினால் 0.47.

இந்த 0.47 பெரிதா சிறிதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். மொத்தம் 556 என்று தெரிந்துவிட்டால், மூன்று வகைகளின் எண்ணிக்கை தெரிந்தவுடன் நான்காவது தானாகவே முடிவாகிவிடுகிறது. அதாவது சுதந்திரமாக மாறக்கூடியவை மூன்று மட்டுமே. இந்த மூன்றைக் கட்டின்மை எண் என்று வைத்துக்கொள்வோம். நினைவில் வைத்துக்கொள்ள மூன்றே எல்லைகள் போதும். கட்டின்மை எண் 1 என்றால் 3.84, 2 என்றால் 5.99, 3 என்றால் 7.81. இவை 5 சதவீத எல்லைகள். அதாவது கருதுகோள் உண்மையாகவே இருந்தும், இதைவிடப் பெரிய மதிப்பு தற்செயலாக வருவது நூற்றுக்கு ஐந்து முறை. 0.47 எல்லைக்கு வெகு கீழே. ஆகவே மெண்டலின் எண்கள் 9:3:3:1ஐ மறுக்கவில்லை. விதை வடிவத்தின் மரபணுவும் நிறத்தின் மரபணுவும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பது பின்னால் உறுதியானது.

"மறுக்கவில்லை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நிரூபித்தது" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகிறதோ இல்லையோ, ஆய்வில் மானம் போகும்.

மெண்டலுக்கு இந்தச் சோதனை தெரியாது. அவர் இறந்தது 1884இல்; கார்ல் பியர்சன் கை வர்க்கச் சோதனையை வெளியிட்டது 1900இல். அந்தப் பியர்சனுக்கே சில அட்டவணைகளில் கட்டின்மை எண் எவ்வளவு என்பதில் குழப்பம் இருந்தது. 1922இல் ரொனால்ட் ஃபிஷர்தான் அதைச் சரிசெய்தார். அதே ஃபிஷர் 1936இல் மெண்டலின் சோதனைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எண்கள் எதிர்பார்ப்போடு அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன என்று கிளப்பிய விவாதம் இன்னும் அடங்கவில்லை. கை வர்க்கம் மிகச் சிறிதாக வந்தாலும் புருவத்தை உயர்த்தலாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

எக்செல் போன்ற விரிதாளில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நான்கு வகைகளையும் ஒரே நெடுவரிசையில் கீழ்க்கீழாக எழுதுங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரமாக எழுதினால், அதிலுள்ள கை வர்க்கச் சார்பு (function) கட்டின்மை எண்ணை 3 என்று எடுக்காமல் 1 என்று எடுத்துக்கொள்ளும். விடை வரும், அது வேறு கேள்விக்கான விடையாக இருக்கும்.

பொருந்தாதபோது: மூன்று துண்டுகளாக வெட்டுங்கள்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேட்சன், சாண்டர்ஸ், புன்னெட் மூவரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனிப்புப் பட்டாணி என்ற அலங்காரப் பூச்செடியில் பூ நிறத்தையும் மகரந்தத் துகளின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஊதாப் பூ, நீண்ட மகரந்தம் ஒரு பக்கம். சிவப்புப் பூ, உருண்டை மகரந்தம் மறுபக்கம். இரண்டாம் தலைமுறையில் 6952 செடிகள்:

ஊதா, நீண்ட 4831
ஊதா, உருண்டை 390
சிவப்பு, நீண்ட 393
சிவப்பு, உருண்டை 1338

9:3:3:1 என்று எதிர்பார்த்தால் 3910.5, 1303.5, 1303.5, 434.5 வரவேண்டும். கை வர்க்கம் 3371.6. எல்லை 7.81 மட்டும். இங்கேதான் அந்த "ஆகவே"யை எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள்.

9:3:3:1 என்பது ஒரே கருதுகோள் போலத் தெரிந்தாலும், அதற்குள் மூன்று கருதுகோள்கள் இருக்கின்றன. பூ நிறம் தனியாக 3:1 பிரிகிறது. மகரந்த வடிவம் தனியாக 3:1 பிரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் பிரிகின்றன. கட்டின்மை எண் மூன்றும் இந்த மூன்றுக்கு ஒவ்வொன்றாகப் போகிறது. பிணைப்பைப் பற்றிப் பேசுவது மூன்றாவது மட்டும்தான். எனவே தனித்தனியாகப் போடுவோம். நான்கு வகைகளையும் மேலே உள்ள வரிசையில் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் வகை என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் தலைமுறைக்கான வாய்பாடுகள் இவை:

ஒவ்வொரு மரபணுவுக்கும்: (ஓங்கு − 3 × ஒடுங்கு) என்பதன் வர்க்கம் ÷ (3 × மொத்தம்)

பிணைப்புக்கு: (முதல் − 3 × இரண்டாம் − 3 × மூன்றாம் + 9 × நான்காம்) என்பதன் வர்க்கம் ÷ (9 × மொத்தம்)

ஊதா 5221, சிவப்பு 1731. 5221இலிருந்து 5193ஐக் கழித்தால் 28, வர்க்கம் 784, 20856ஆல் வகுத்தால் 0.04. நீண்ட மகரந்தம் 5224, உருண்டை 1728. இதே கணக்கில் 0.08. இரண்டும் 3:1 விகிதத்தில் அச்சுப்போல அமைந்திருக்கின்றன. பிணைப்புத் துண்டு 3371.5. மூன்றையும் கூட்டினால் மொத்தக் கை வர்க்கம் வந்துவிடுகிறது. கணக்குச் சரியா என்று பார்க்க இதுவே வழி.

இப்போது "ஆகவே" எழுதலாம். ஒவ்வொரு மரபணுவும் தனியாகக் குறையின்றி நடக்கிறது. கோளாறு முழுவதும் அவற்றின் உறவில் இருக்கிறது. பேட்சன் குழுவினர் உறவு இருப்பதைக் கண்டார்கள்; காரணத்தைப் பிடிக்கவில்லை. சில இனச்செல்கள் கூடுதலாகப் பெருகுகின்றன என்று விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். ஒரே குரோமோசோமில் இருப்பதால்தான் சேர்ந்து போகின்றன என்ற விளக்கம் 1911இல் தாமஸ் ஹன்ட் மார்கனிடமிருந்து வந்தது.

ஈக்களில் ஒரு சிக்கல்

சோதனைக் கலப்பில் வாய்பாடு இன்னும் எளிது. மூன்று துண்டுகளுக்கும் ஒரே முறைதான்: இரு பக்கத்தின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி மொத்தத்தால் வகுக்க வேண்டும். பிணைப்புத் துண்டில் ஒரு பக்கம் பெற்றோர் வகைகள், மறுபக்கம் மறுகூட்டிணைவு வகைகள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் எண்ணிய ஈக்களை எடுத்துக்கொள்வோம். கண் நிறம் சிவப்பு, அதற்கு ஒடுங்கியது ஊதா. சிறகு நீண்டது, அதற்கு ஒடுங்கியது பறக்க உதவாத குறுஞ்சிறகு. கலப்பினப் பெண் ஈ, சிவப்பும் நீண்ட சிறகும் ஒரு பெற்றோரிடமிருந்தும், ஊதாவும் குறுஞ்சிறகும் மற்றொரு பெற்றோரிடமிருந்தும் பெற்றது. சோதனைக் கலப்பில் 2839 ஈக்கள்:

சிவப்பு, நீண்ட 1339
ஊதா, குறு 1195
சிவப்பு, குறு 151
ஊதா, நீண்ட 154

1:1:1:1 என்ற எதிர்பார்ப்புக்கு மொத்தக் கை வர்க்கம் 1764.7. வெட்டிப் பார்ப்போம். பெற்றோர் வகை 2534, மறுகூட்டிணைவு 305, வித்தியாசம் 2229, பிணைப்புத் துண்டு 1750.1. பிணைப்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மற்ற இரண்டு துண்டுகளைப் பாருங்கள். சிவப்பு 1490, ஊதா 1349: கை வர்க்கம் 7.0. நீண்ட 1493, குறு 1346: கை வர்க்கம் 7.6. எல்லை 3.84. தனித்தனியாகவே இரண்டு மரபணுக்களும் 1:1 விகிதத்திலிருந்து நழுவியிருக்கின்றன! மொத்தக் கை வர்க்கத்தோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒடுங்கு வகைகள் இரண்டும் குறைவாக இருப்பதால், இரண்டு மரபணுக்களுமே ஈயைப் பலவீனப்படுத்துகின்றன, சில முதிர்ச்சி அடையாமல் சாகின்றன என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கும் பொறுக்க வேண்டும். அதே மரபணுக்களை மாற்றிச் சேர்த்த இன்னொரு கலப்பு இருக்கிறது. அதில் கலப்பினப் பெண், சிவப்பும் குறுஞ்சிறகும் ஒருவரிடமிருந்தும், ஊதாவும் நீண்ட சிறகும் மற்றவரிடமிருந்தும் பெற்றது. 2335 ஈக்கள்:

சிவப்பு, குறு 965
ஊதா, நீண்ட 1067
சிவப்பு, நீண்ட 157
ஊதா, குறு 146

பிணைப்புத் துண்டு 1280.3, அதில் அதிசயமில்லை. சிறகைப் பாருங்கள்: நீண்ட 1224, குறு 1111; கை வர்க்கம் 5.5. குறுஞ்சிறகு இங்கேயும் குறைவுதான். முதல் கலப்பில் 47.4 சதவீதம், இங்கே 47.6 சதவீதம், கிட்டத்தட்ட ஒரே அளவு. கண்ணைப் பாருங்கள்: சிவப்பு 1122, ஊதா 1213. இந்த முறை ஊதாதான் அதிகம்! ஊதா நிறமே ஈயைக் கொல்கிறது என்றால் இது எப்படி?

இரண்டு கலப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரிந்துவிடும். குறை குறுஞ்சிறகு மரபணுவில்தான். முதல் கலப்பில் ஊதா அதே குரோமோசோமில் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குறுஞ்சிறகு ஈக்கள் செத்தபோது ஊதாவும் சேர்ந்து குறைந்தது. இரண்டாவதில் குறுஞ்சிறகோடு ஒட்டிக்கொண்டிருந்தது சிவப்பு. அதனால் சிவப்பு குறைந்தது. சேர்க்கை தோஷத்தால் பழி சுமந்ததே தவிர, கண் நிறத்துக்கு இதில் பங்கு இருப்பதாகச் சொல்ல எண்களில் ஆதாரம் இல்லை. அளவும் ஒத்துவருகிறது. இரண்டாம் கலப்பில் சிறகு வித்தியாசம் 113. மறுகூட்டிணைவு 13 சதவீதம் என்பதால், அதில் கண்ணுக்குக் கடத்தப்பட வேண்டியது 113ஐ (1 − 2 × 0.13), அதாவது 0.74ஆல் பெருக்கிய 84. நாம் கண்டது 91. முதல் கலப்பில் இதே கணக்கு 115 என்கிறது, கண்டது 141. இத்தனை ஈக்களில் இந்த இடைவெளி தற்செயலுக்குள் அடங்கும்.

இதனால்தான் ஒரே சேர்க்கையில் மட்டும் கலப்பு செய்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள் என்கிறேன். இரண்டு சேர்க்கையிலும் செய்தால், உயிர்ப்புக் குறைவு எது, பிணைப்பு எது என்று எண்களே பிரித்துக் காட்டிவிடும். செலவு இரட்டிப்பு, தெளிவு அதற்கும் மேல்.

தனி விகிதங்கள் நழுவியிருக்கும்போது பிணைப்புத் துண்டை இன்னொரு முறையாலும் சரிபார்க்கலாம். 1:1 என்ற எதிர்பார்ப்பைத் தூக்கிவிட்டு, உண்மையில் வந்த சிவப்பு, ஊதா, நீண்ட, குறு கூட்டுத்தொகைகளிலிருந்தே எதிர்பார்ப்பைக் கட்டுங்கள். சிவப்பு நீண்ட வகைக்கு 1490 × 1493 ÷ 2839, அதாவது 783.6 என்று எதிர்பார்க்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் இப்படியே. கட்டின்மை எண் 1. முதல் கலப்புக்கு இதில் வரும் மதிப்பு ஏறக்குறைய 1748. துண்டு முறை தந்த 1750க்கு அருகில்தான். இங்கே இரு முறைகளும் ஒரே முடிவைச் சொல்கின்றன. தனி விகிதங்கள் மிக மோசமாக நழுவிய கலப்புகளில் இந்த இரண்டாவது முறையையே நம்புங்கள்.

எவ்வளவு நெருக்கம் என்று அளப்பது

பிணைப்பு உறுதியான பிறகுதான் தூரம். சோதனைக் கலப்பில் மறுகூட்டிணைவு வகைகளை மொத்தத்தால் வகுத்தால் போதும். முதல் கலப்பில் 305 ÷ 2839 = 10.7 சதவீதம்; இரண்டாவதில் 303 ÷ 2335 = 13.0 சதவீதம். ஒரு சதவீத மறுகூட்டிணைவு ஒரு சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தின் தூர அலகு) என்று வைத்துக்கொள்ளலாம். குறுஞ்சிறகு ஈக்கள் சற்றுக் குறைந்தது இந்தக் கணக்கை அதிகம் கெடுக்கவில்லை. பெற்றோர் வகையிலும் மறுகூட்டிணைவு வகையிலும் குறுஞ்சிறகு ஒவ்வொரு பாதியாக இருப்பதால் இழப்பு இரு பக்கமும் பங்கிடப்பட்டுவிடுகிறது.

தூரத்தை எழுதும்போது பிழை எல்லையையும் எழுதுங்கள். மறுகூட்டிணைவு விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். முதல் கலப்பில் அது 0.58 சதவீதம், இரு பக்கமும் அதைப் போல் இரு மடங்கு விட்டால் 9.6 முதல் 11.9 வரை. இரண்டாவதில் 11.6 முதல் 14.4 வரை. இரண்டு கலப்பின் வித்தியாசம் தற்செயல் என்று தள்ளிவிடும் அளவுக்குச் சிறியதல்ல. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். ஈயில் குறுக்கேற்றத்தின் அளவு வெப்பநிலைக்கும் தாய் ஈயின் வயதுக்கும் ஏற்ப மாறக்கூடியது. இரண்டாம் குரோமோசோமின் நிலையான வரைபடத்தில் ஊதா 54.5இலும் குறுஞ்சிறகு 67.0இலும் இருக்கின்றன, இடைவெளி 12.5.

இரண்டாம் தலைமுறை எண்களிலிருந்தும் தூரம் எடுக்கலாம். இனிப்புப் பட்டாணியில் இரண்டும் ஒடுங்கிய செடிகள் 1338, மொத்தத்தில் 0.1925 பங்கு. அதன் வர்க்கமூலம் 0.4387. அந்தச் செடி உருவாக இரண்டு பக்கமும் ஒடுங்கு அல்லீல்கள் சேர்ந்த பெற்றோர் வகை இனச்செல் வரவேண்டும் என்பதால், அத்தகைய இனச்செல்லின் பங்கு இது. இரண்டால் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.123, அதாவது ஏறக்குறைய 12 சதவீத மறுகூட்டிணைவு. ஓங்கு அல்லீல்கள் இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்த கலப்புக்குத்தான் இந்தக் குறுக்குவழி. நான்கு வகைகளில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துவதால், கட்டுரையில் வெளியிட வேண்டுமானால் நான்கையும் பயன்படுத்தும் மீப்பெரு நிகழ்தகவு முறைக்குப் போங்கள்.

தூரம் கூடக்கூட இன்னொரு தொல்லை. இரண்டு மரபணுக்களுக்கு இடையே இரண்டு குறுக்கேற்றங்கள் நடந்தால் அல்லீல்கள் பழைய சேர்க்கைக்கே திரும்பிவிடும். நம் கணக்கில் அது பெற்றோர் வகையாகப் போய்ச் சேரும். ஆகவே கண்ட சதவீதம் உண்மையான தூரத்தைக் குறைத்துக் காட்டும். இதைத் திருத்த ஜே.பி.எஸ். ஹால்டேன் 1919இல் ஒரு சார்பை, அதாவது சதவீதத்தைத் தூரமாக மாற்றும் வாய்பாட்டைத் தந்தார். குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்பது அதன் அனுமானம். உண்மையில் ஒன்று நடந்த இடத்துக்கு அருகில் மற்றொன்று நடப்பது குறைவு. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர் டி.டி. கோசாம்பி. பண்டைய இந்திய வரலாற்றை எழுதிய அதே கோசாம்பிதான். தொழில்முறையில் அவர் கணிதவியலர். 1940களில் அவர் தந்த சார்பு மரபணு வரைபட மென்பொருள்களில் இன்றும் ஒரு தெரிவாக இருக்கிறது. 10.7 சதவீதத்துக்கு ஹால்டேன் சார்பு ஏறக்குறைய 12.1 சென்டிமார்கன் தரும். கோசாம்பி சார்பு 10.9 தரும். பத்து சதவீதத்துக்குள் இருக்கும் தூரங்களுக்கு எதைப் பயன்படுத்தினாலும் பெரிய நஷ்டமில்லை. முப்பதைத் தாண்டினால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டாயம் எழுத வேண்டும்.

எத்தனை எண்ண வேண்டும்

எதிர்பார்க்கும் எண்ணிக்கை எந்த வகையிலாவது ஐந்துக்குக் கீழே போனால் கை வர்க்க எல்லைகளை நம்ப முடியாது. 9:3:3:1இல் கடைசி வகை பதினாறில் ஒரு பங்கு என்பதால் எண்பது செடிகளாவது வேண்டும். இது குறைந்தபட்சம், பிணைப்பைப் பிடிக்க இது போதும் என்று பொருளல்ல.

சோதனைக் கலப்பில் பிணைப்புத் துண்டின் அளவு, மொத்த எண்ணிக்கையை (1 − 2 × மறுகூட்டிணைவு) என்பதன் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். மறுகூட்டிணைவு 30 சதவீதம் என்றால் அந்த வர்க்கம் 0.16; 40 சதவீதம் என்றால் 0.04, 45 சதவீதம் என்றால் 0.01. எல்லையான 3.84ஐ எட்ட முறையே 24, 96, 384 குஞ்சுகள் வேண்டும். அதுவும் பாதி வாய்ப்புக்குத்தான். பத்தில் ஒன்பது முறை பிடிபட வேண்டுமானால் 40 சதவீத மறுகூட்டிணைவுக்கு ஏறக்குறைய 260 தேவை. ஐம்பது செடிகளை எண்ணிவிட்டு "பிணைப்பு இல்லை" என்று எழுதுவதற்கு முன் இந்த வரியை ஒரு முறை பாருங்கள்.

பல மரபணுக்களை ஒன்றாகச் சோதிக்கும்போது நேர்மாறான ஆபத்து. இருபது மரபணுக்கள் இருந்தால் 190 இணைகள். எதுவுமே பிணையாவிட்டாலும், 5 சதவீத எல்லையில் ஒன்பதோ பத்தோ இணைகள் "பிணைந்தவை" என்று கை உயர்த்தும். அத்தகைய வேலைகளில் எல்லையை இறுக்க வேண்டும். மனிதக் குடும்பங்களில் சோதனைக் கலப்பு செய்ய முடியாதல்லவா; அங்கே நியூட்டன் மார்டன் 1955இல் முன்வைத்த லாட் மதிப்பைப் பயன்படுத்துகிறார்கள். பிணைப்பு இருந்தால் இந்த எண்கள் வரும் வாய்ப்பு, இல்லாவிட்டால் வரும் வாய்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அதன் பத்தடி மடக்கையை எடுப்பது அது. 3 வரவேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. கை வர்க்கத்தின் 5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கறாரான எல்லை என்பது தெரியும்.

பிணைப்புத் துண்டு எல்லைக்குக் கீழே வந்துவிட்டால், இரு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருக்கின்றன என்று எழுதிவிடலாமா? கூடாது. அதே ஈயின் அதே இரண்டாம் குரோமோசோமில், சிறகைக் குட்டையாக்கும் டம்பி மரபணு 13.0இல் இருக்கிறது, கண்ணைப் பழுப்பாக்கும் பிரவுன் மரபணு 104.5இல் இருக்கிறது. இடைவெளி 91.5. இவ்வளவு தூரத்தில் மறுகூட்டிணைவு ஐம்பது சதவீதத்தை ஒட்டிவிடும். அதற்கு மேல் அது போகாது. சாதாரண எண்ணிக்கையில் இந்த இரண்டும் முற்றிலும் சார்பற்றவை போலவே தெரியும். அவற்றை இணைக்க இடையில் இருக்கும் மரபணுக்கள் வேண்டும். உடலைக் கறுப்பாக்கும் மரபணு 48.5இல் இருக்கிறது, குறுஞ்சிறகு 67.0இல் இருக்கிறது. டம்பியைக் கறுப்போடும், கறுப்பைக் குறுஞ்சிறகோடும், குறுஞ்சிறகைப் பிரவுனோடும் தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொரு படியிலும் பிணைப்பு தெரியும். மார்கனின் மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் 1913இல் எக்ஸ் குரோமோசோமின் முதல் வரைபடத்தைக் கட்டியதும் இப்படி நெருங்கிய இணைகளின் தூரங்களைக் கூட்டித்தான். சோதனைக் கலப்பைத் திட்டமிடும்போதே மூன்றாவது மரபணு ஒன்றைச் சேர்த்துவிட்டால், அதே ஈக்களை எண்ணும் உழைப்பில் மூன்று இணைகளின் தூரமும், எது நடுவில் இருக்கிறது என்பதும் கிடைத்துவிடும்.